திருகின் மேல் ஒரு செம்புள்ளி

அசலைக் காப்பாற்றுவதற்கென்றே பிறந்தவர்கள் உலகத்தில் மிகச் சிலர். அவர்களில் ஏழு பேர் எங்கள் ஊரில் இருக்கிறோம். ஏழு பேரில் ‘முதல் நிலை’ எய்தியவர்கள் மூவர். மூவரில் ஒருவன் நான். இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். என்ன செய்வது, வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

எங்கள் அமைப்பின் பெயர் ‘மூல இயந்திர மன்றம்’. முப்பது முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் பிள்ளைகள் டிவியோடு இணைத்து ஆடிய வீடியோ கேம்களை, அதே பழைய மிஷினில், அதே பழைய கேசட்டைச் செருகி, அதே முதுகு வீங்கிய டப்பா டிவியில் ஆடுவது எங்கள் கொள்கை. அதே விளையாட்டுகள் இன்றைக்குக் கைபேசியில் இலவசமாகக் கிடைக்கின்றன. கிடைக்கட்டும். கைபேசியில் ஆடுகிறவர்களை நாங்கள் வெறுப்பதில்லை, பரிதாபப்படுகிறோம். மாதம் ஒரு முறை கூடி, தீர்மானம் நிறைவேற்றிப் பரிதாபப்படுகிறோம்.

மன்றத்துக்கு நாற்பத்திரண்டு விதிகள். நாற்காலியில் உட்கார்ந்து ஆடக்கூடாது. அந்தக் காலத்தில் தரையில் சம்மணம் போட்டுத்தான் ஆடினோம். டிவியிலிருந்து நாலடி தூரத்தில் இருக்க வேண்டும். அந்தக் காலத்து ஒயர் அவ்வளவுதான் நீளம். எங்கள் சராசரி வயது ஐம்பது என்பதால் உட்காருவதற்குத்தான் விதி இருக்கிறது. எழுந்திருப்பதற்கு அவரவர் சாமர்த்தியம். கேசட் வேலை செய்யாதபோது அதன் வாயில் ஊதலாமா கூடாதா என்பது பற்றி மூன்று கூட்டங்கள் கடுமையாக விவாதித்தோம். எங்கள் தலைவர் ஒரு பல் மருத்துவர். வாய் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் முடிவு அவரிடம் விடப்பட்டது. ‘ஊதலாம், ஆனால் பல் துலக்கிய பிறகு’ என்று அவர் தீர்ப்பளித்தார். மன்றம் எழுந்து நின்று கைதட்டியது.

இனி செம்புள்ளிக்கு வருகிறேன். மரியாதையாகக் கேளுங்கள்.

மிஷினின் அடிப்பக்கத்தில் ஐந்து திருகுகள் இருக்கும். அவற்றைக் கழற்றி உள்ளே யாராவது கை வைத்துவிட்டால், எங்களைப் பொறுத்தவரை அது மிஷினே அல்ல, வெறும் உதிரி பாகங்களின் கும்பல். ஆனால் திறந்ததா திறக்காததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தலைவர் தம்முடைய பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை வைத்து, பல ஞாயிற்றுக்கிழமைகளைத் தியாகம் செய்து, அதைக் கண்டுபிடித்தார். சில மிஷின்களில் ஒரு திருகின் தலை மேல் சிவப்பாக ஒரு சாயப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. திருகைத் திருப்பினால் பொட்டு உடைந்துவிடும். உடையாமல் இருக்கிறது என்றால் யாரும் திறக்கவில்லை. ஆகவே அது தொழிற்சாலையே வைத்து அனுப்பிய முத்திரை. ‘செம்புள்ளி: ஓர் அறிமுகம்’ என்ற தலைப்பில் அவர் பதினாறு பக்கக் கட்டுரை வாசித்தார். அன்றிலிருந்து புள்ளி உள்ள மிஷின் முதல் நிலை, புள்ளி இல்லாதது இரண்டாம் நிலை என்று ஏற்பட்டது.

என் மிஷினில் புள்ளி இருந்தது. எங்கள் பொது மேலாளரின் மிஷினில் இல்லை.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். நான் குடிநீர் வாரியத்தில் துணை மேலாளர். வாரியத்தின் பொது மேலாளரும் எங்கள் மன்றத்தில் உறுப்பினர். வாரியத்தில் அவர் எனக்கு மூன்று படி மேலே. அவர் அறைக்கு வெளியே ஃபைலைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு வருஷம் தேறும். மன்றத்திலோ அவர் எனக்கு ஒரு படி கீழே. விதி பதினொன்றின்படி முதல் நிலை உறுப்பினருக்கு இரண்டாம் நிலை உறுப்பினர் தேநீர் கொண்டுவந்து தர வேண்டும், எழுத்து வேலைகளையும் அவரே பார்க்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் கையில் கோப்பையோடு குனிந்து, “சர்க்கரை போதுமா சார்?” என்று என்னைக் கேட்பார். அந்த ஒரு ‘சார்’ போதும், மீதி இருபத்தொன்பது நாளும் ஓடிவிடும்.

வாரியத்தில் நான் தலைமை தாங்குவது ‘நவீனமயமாக்கல் பிரிவு’க்கு. பழையதை ஒழித்துக்கட்டிப் புதியதைக் கொண்டுவருவது என் உத்தியோகம். வீட்டில் பழையதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, ஆபீஸ் போய் அதைத் தூக்கி எறியச் சொல்லி எழுதுகிறாயே, இது என்ன நியாயம் என்று என் மனைவி கேட்பதுண்டு. அவள் பிசியோதெரபிஸ்ட். மூட்டு வலியைப் பற்றித் தெரியும், தத்துவம் தெரியாது.

இந்த வருடம் நான் எழுதிய எண்பத்து நாலு பக்க அறிக்கையின் தலைப்பு: ‘பழுதுபார்த்தல்: கைவிடப்பட வேண்டிய ஒரு பழக்கம்’. பழுதான தண்ணீர் மீட்டரைச் சரிசெய்வது நேர விரயம். சரிசெய்தது ஆறு மாதம் தாங்காது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவதே ‘முன்னோக்கிய பார்வை’ என்று அதில் ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவியிருந்தேன். ஆகவே அடித்தளத்தில் இருக்கும் மீட்டர் பட்டறையை மூடிவிடலாம். பட்டறையின் மொத்த ஊழியர் பலம் ஒன்று. எல்லோரும் ‘மீட்டர் அக்கா’ என்று கூப்பிடும் ஐம்பத்து நாலு வயது அம்மாள். இருபத்தேழு வருடமாக அங்கே மீட்டர்களுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு ‘விருப்ப ஓய்வு’ கொடுக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தேன். விருப்பம் என்னுடையது, ஓய்வு அவருடையது. அடித்தளத்துக்கு ஒரு தடவையாவது இறங்கிப் போய்ப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். அறிக்கை எழுதுகிறவன் நேரில் பார்த்தால் நடுநிலை போய்விடும்.

இந்த நிலையில்தான் எனக்குப் ‘பாதாள விளக்கு – இரண்டு’ கிடைத்தது.

‘பாதாள விளக்கு’ முதல் பாகத்தை ஆடாதவர்கள் என் வயதில் யாரும் இருக்க மாட்டார்கள். சுரங்கத் தொழிலாளி ஒருவன் தொப்பியில் விளக்கோடு வலது பக்கம் ஓடிக்கொண்டே இருப்பான். இரண்டாம் பாகத்தில் அவன் இடது பக்கம் ஓடினான். இந்தப் புரட்சியை உலகம் தாங்கவில்லை. கேசட் விற்கவில்லை. கம்பெனியை இரண்டே மாதத்தில் மூடிவிட்டார்கள். வெளியே வந்தவை சில நூறு கேசட்டுகள் மட்டும். அதில் ஒன்று எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவரின் பெட்டியில் இருந்தது. ஒன்பது நாள் கொடுத்தார். மூன்றாவது கட்டத்தில் ஓர் இரும்புக் கதவு வரும். அது திறக்கவேயில்லை. பத்தாவது நாள் விருந்தாளி ஊருக்குப் போய்விட்டார், கேசட்டோடு. அதற்குப் பிறகு நான் படித்தேன், வேலைக்கு வந்தேன், கல்யாணம் செய்துகொண்டேன். மூன்றுமே அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நடந்தவைதான்.

பதினோரு வருடம் தேடினேன். கடைசியில், மூடிப்போன ஒரு பொம்மைக் கடையின் கிடங்கைக் காலி செய்தவரிடமிருந்து தபாலில் வந்தது. மன்றமே ஆடிப்போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டில் ‘மறு தரிசனம்’ என்று தலைவர் அறிவித்தார். உரிமையாளர் தம் சொந்த மிஷினில்தான் ஆட வேண்டும் என்பது விதி இருபது. அந்த விதியைக் கொண்டுவந்தவனும் நான்தான்.

அதற்கு எட்டு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை, பரணிலிருந்து மிஷினை இறக்கி, ஒத்திகை பார்ப்போம் என்று கேசட்டைச் செருகிப் பட்டனைத் தட்டினேன். சிவப்பு விளக்கு ஒரு தடவை எரிந்தது. டிவியில் சாம்பல் நிறத்தில் நாலு கோடு ஓடியது. பிறகு விளக்கும் அணைந்தது, கோடும் அணைந்தது. பல் துலக்கிவிட்டு வந்து ஊதினேன். ஒன்றும் நடக்கவில்லை.

என் முகத்தைப் பார்த்து மனைவி பயந்துவிட்டாள். ஆபீஸில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். அதைவிட மோசம் என்றேன். மிஷின் செத்துவிட்டது, திறந்தால் செம்புள்ளி போய்விடும், திறக்காவிட்டால் மானம் போய்விடும் என்று நிலைமையை விளக்கினேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

“உங்க ஆபீஸ்ல பழைய மீட்டரெல்லாம் சரி பண்ற அம்மா ஒருத்தங்க இருக்காங்கன்னு சொன்னீங்களே, அவங்ககிட்ட குடுத்துப் பாருங்களேன்.”

“அவங்க பிரிவத்தான் மூடப் போறோம். வர்ற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் கடைசி மீட்டிங்.”

“அதுவரைக்கும் திறந்துதானே இருக்கும்.”

தத்துவம் தெரியாது என்று சொன்னேனே, இதைத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை மிஷினைத் துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்து, மதிய இடைவேளையில் முதன்முறையாக அடித்தளத்துக்கு இறங்கினேன். யாராவது பார்த்தால் ‘கள ஆய்வு’ என்று சொல்வதாக உத்தேசம். பட்டறை சின்ன அறை. ஈயம் உருகிய வாசனை. ஒரு மேசை, வளைகிற கழுத்துள்ள விளக்கு, நெற்றியில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி. சுவர் முழுக்க இரும்பு அலமாரி. அதில் வரிசையாக மீட்டர்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் வந்த தேதியும் சரியான தேதியும் எழுதிய சீட்டு. மீட்டர் அக்கா ஒரு மீட்டரைக் காதோரம் வைத்துக்கொண்டு, “நல்லாத்தானே ஓடிட்டு இருந்தே, இப்ப என்ன வந்தது உனக்கு?” என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். என்னை யார் என்று அவருக்குத் தெரியும். அடித்தளத்தில் அறிக்கைகள் மெதுவாகத்தான் வந்து சேரும், ஆனால் வந்து சேர்ந்துவிடும்.

துண்டைப் பிரித்து மேசையில் வைத்தேன். முப்பத்தாறு வருடமாக யாரும் திறக்காத மிஷின், இனியும் திறக்கக்கூடாது, திறக்காமல் சரிசெய்ய வேண்டும் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

“தெறக்காமன்னா வெளிய தொடச்சுத் தரலாம் சார். வேற ஒண்ணும் பண்ண முடியாது.”

மிஷினைக் கவிழ்த்துச் செம்புள்ளியைக் காட்டினேன். இது தொழிற்சாலை முத்திரை, இது உடைந்தால் என் கதை முடிந்தது, இதைப் பற்றிப் பதினாறு பக்கக் கட்டுரையே இருக்கிறது என்றேன். அவர் பூதக்கண்ணாடியை இறக்கி அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தார். சிவப்பு நெயில் பாலிஷ்.

“இது ரிப்பேர் பண்றவங்க வைக்கிற பொட்டு சார். நாம சரி பண்ணிக் குடுத்தத அப்புறம் வேற யாராவது தெறந்தா தெரியணும் இல்லையா, அதுக்காக மூடினதும் ஒரு திருகு மேல வைப்போம். எல்லாக் கடையிலயும் உண்டு. உங்க மிஷின யாரோ தெறந்து சரி பண்ணியிருக்காங்க.”

அலமாரியைக் காட்டினார். அப்போதுதான் கவனித்தேன். அங்கே இருந்த முந்நூறு நானூறு மீட்டர்களிலும் ஆளுக்கொரு செம்புள்ளி. மன்றத்தின் கணக்குப்படி அத்தனையும் முதல் நிலை.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உலகம் தலைகீழானது என்று சொல்வார்களே, அது எனக்கு அந்த ஸ்டூலில் நடந்தது. புள்ளி இருந்தால் திறந்தது. புள்ளி இல்லாவிட்டால் திறக்காதது. அப்படியானால் மன்றத்தில் யார் கையும் படாத அசல் மிஷின் யாருடையது? எனக்குத் தேநீர் கொண்டுவந்து தருகிறாரே, அந்த மனிதருடையது. தலைவரும் நானும் இன்னொருவரும் ரிப்பேர் ஆன மிஷின்களை வைத்துக்கொண்டு அவரைக் குனிய வைத்துக்கொண்டிருந்தோம்.

“சரி, தெறங்க அக்கா” என்றேன்.

ஐந்து திருகும் கழன்று மூடி திறந்தது. பச்சைப் போர்டு. அவர் விளக்கை வளைத்து, யாரோ எழுதிய கடிதத்தைப் படிப்பது மாதிரி அதைப் படித்தார். மூன்று தடவை திறந்திருக்கிறார்கள் என்றார். இந்த இடத்தில் ஈயம் வைத்தவர் நிதானமானவர், அளவாக வைத்திருக்கிறார். இந்தக் கண்டென்சரை மாற்றியவர் அவசரக்காரர், ஆனால் தப்பில்லை. இந்த மஞ்சள் ஒயரை இழுத்தவர் கையில் அன்றைக்குச் சரியான சாமான் இல்லை, இருப்பதை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார். “மூணும் வேற வேற கை சார். இவங்க மூணு பேரும் இல்லேன்னா இது எப்பவோ குப்பைக்குப் போயிருக்கும்.”

எனக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருக்கத்தான் இத்தனை வருடம் பாடுபட்டிருந்தேன். அப்பா அந்த மிஷினைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனதும், ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்ததும், ‘போயிடுச்சுன்னு நினைச்சேன், பொழச்சுக்கிச்சு’ என்று சொன்னதும். இரண்டாவது தடவை அவரிடம் நான் அழுதுகூட இருக்கிறேன். அசல் என்று நான் தூக்கிச் சுமந்த என் பால்யத்தை அப்பா மூன்று தடவை கடைக்குக் கொண்டுபோய்த் தைத்து வாங்கி வந்திருக்கிறார்.

மீட்டர் அக்கா இரண்டு மதிய இடைவேளைகள் எடுத்துக்கொண்டார். சாப்பிடாமல் செய்தார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். புதன்கிழமை மூடியைப் போட்டு, திருகை முறுக்கி, பழைய புள்ளி இருந்த அதே திருகின் மேல் புதிதாக ஒரு பொட்டு வைத்தார். பளபளப்பு தெரியாமல் இருக்க அதன் மேல் கொஞ்சம் அலமாரித் தூசியைத் தடவினார். நான் கேட்டுக்கொண்டதால்தான் தடவினார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“ஃபைல் செவ்வாய்க்கிழமை வருதாமே சார்.”

வருகிறது என்றேன்.

“எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. அத முடிச்சாத்தான் பென்ஷன் முழுசா வரும். வீட்ல அவருக்கு உடம்பு முடியல, நான் ஒருத்திதான். உங்ககிட்ட பொய் சொல்லச் சொல்லல. ரிப்பேர் பண்ணா ஆறு மாசம் தாங்காதுன்னு எழுதியிருக்கீங்களாம். இப்ப நேர்ல பாத்துட்டீங்க இல்லையா. பாத்தத மட்டும் சொன்னாப் போதும் சார்.”

“சொல்றேன் அக்கா” என்றேன். சத்தியமாக மனதாரத்தான் சொன்னேன். அடித்தளத்தில் நிற்கும்போது நான் எப்போதுமே நல்லவன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பேரும் என் வீட்டுக் கூடத்தில் கூடினோம். தலைவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு மிஷினைக் கவிழ்த்தார். குட்டிக் கண்ணாடியை வைத்துப் புள்ளியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கடைசியில் அவர் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

“இருபது வருஷமா புள்ளி பாக்கறேன். இப்படி ஒரு அசல் புள்ளிய நான் பாத்ததில்ல” என்றார்.

பொது மேலாளர் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு எனக்குத் தேநீர் கொண்டுவரச் சமையலறைக்குப் போனார். வீட்டுக்காரி கொண்டுவந்தால் செல்லாது என்று விதி.

நான் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் தனித்தனியாக எதிர்ப்புத் தெரிவித்தன. பட்டனைத் தட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவில்லை. டப்பா டிவியில் முதலில் ஒரு நடுக்கம், பிறகு அந்த இசை. டிங் டிங் என்று ஏழே ஏழு சுரம். கரிய திரையில் மஞ்சள் விளக்கோடு அந்தக் குட்டி மனிதன் வந்து நின்று, முகத்தை இடது பக்கம் திருப்பினான். முப்பத்தாறு வருடம். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதில் கிண்டல் எதுவும் இல்லை, நிஜமாகவே அழுதேன். அந்த நிமிஷம் எனக்குப் பன்னிரண்டு வயது. இன்னும் யாரையும் வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி எழுதியிருக்கவில்லை.

அழுதுகொண்டிருந்ததால் முதல் குழியைக் கவனிக்கவில்லை. நாற்பது விநாடியில் செத்தேன். இரண்டாவது உயிரில் வௌவால் கடித்தது. மூன்றாவது உயிரில், பழக்க தோஷத்தால் வலது பக்கம் ஓடிச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன். மன்றம் பரவசத்தில் ஆழ்ந்தது. ‘இதுதான் அசல் கடினம்’ என்றார் தலைவர். ‘கைபேசியில் ஆடினால் இப்படித் தோற்கவே முடியாது’ என்றார் இன்னொருவர். இரண்டு மணி நேரம் ஆடியும் மூன்றாவது கட்டத்து இரும்புக் கதவை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பொது மேலாளர்தான் கடைசிவரை கைதட்டினார். என்னை எழுப்பி நிற்க வைக்க அவரும் என் மனைவியும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. “முப்பத்தாறு வருஷத்துக்கு அப்புறமும் எப்படி ஓடுது பாருங்க சார். அந்தக் காலத்துப் பொருள் அது, கெட்டே போகாது” என்று அவர் என் காதில் சொன்னார். ஆமாம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை. மாடியில் நீள மேசை. பொது மேலாளர் தலைமை இடத்தில், நான் அறிக்கையோடு அவருக்கு இடது பக்கம். மற்றவர்கள் அடுத்தடுத்த விஷயங்களைப் பேசிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கடைசியாக இருந்தது மீட்டர் பட்டறை. அவர் என் எண்பத்து நாலு பக்கத்தையும் படித்திருந்தார். அப்படியொரு கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு. ஒரு பக்கத்தில் விரலை வைத்துக் கேட்டார்.

“ரிப்பேர் பண்ணினது தாங்காதுன்னு எழுதியிருக்கீங்க. இருபத்தேழு வருஷ சர்வீஸ், நாலு வருஷம் பாக்கி இருக்கு. மனசு கேக்கல. அந்தம்மா சரி பண்ணின பொருள் ஏதாவது ஒண்ணு ஓடி, நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா? பாத்திருந்தா சொல்லுங்க, இத நிறுத்தி வெச்சிடலாம்.”

பார்த்திருந்தேன். இரண்டு நாளைக்கு முன்னால், என் வீட்டுக் கூடத்தில். அவரும் பார்த்திருந்தார். கைதட்டினார்.

சொல்லியிருக்கலாம். மிஷினைப் பற்றிச் சொல்லாமல், மீட்டர் ஒன்று ஓடியதைப் பார்த்தேன் என்றாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவியும் கேட்டாள். பட்டறைக்கு எதற்குப் போனீர்கள், எப்போது போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று அவர் அடுத்தடுத்துக் கேட்டிருப்பார். படிக்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அவரே ஒரு நாள் அடித்தளத்துக்கு இறங்கிப் போயிருப்பார். அங்கே அலமாரியில் நானூறு செம்புள்ளி அவரைப் பார்த்துச் சிரித்திருக்கும். பிறகு அடுத்த மாத ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கோப்பை யார் கையில் இருக்கும்? இவ்வளவையும் நான் யோசிக்க எடுத்துக்கொண்டது மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற நேரம்.

“இல்ல சார்” என்றேன்.

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல சார்.”

அவர் பெருமூச்சு விட்டு ஃபைலை என் பக்கம் தள்ளினார். ‘மேற்படி பணியிடம் தேவையில்லை என நேரடி ஆய்வின் அடிப்படையில் சான்றளிக்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

பேனாவை மூடப் போனேன். “இருங்க” என்றவர் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு, தம் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். அவர் குரல் மாறிவிட்டது; முதுகும் கொஞ்சம் வளைந்துவிட்டது. எழுத்து வேலை இரண்டாம் நிலை உறுப்பினருடையது அல்லவா?

“மன்றச் சான்றிதழ் சார். ஞாயித்துக்கிழமைக்கானது. உரிமையாளர் கையெழுத்து வேணும்” என்றார் பணிவாக.

அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். ‘இவ்வியந்திரத்தின் உட்புறத்தில் உற்பத்தியான நாள் முதல் இன்றுவரை எந்த மனிதக் கையும் பட்டதில்லை என உறுதியளிக்கிறேன்.’ அதிலும் போட்டேன். அவர் மையை ஊதி உலர்த்தி, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

மாதக் கடைசியில் மீட்டர் அக்கா கருவிகளை ஒப்படைக்கும் பட்டியலில் கையெழுத்து வாங்க என் அறைக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவர் உட்காரவில்லை. பட்டியலை நீட்டினார். நான் கீழே பார்த்துக்கொண்டே போட்டுக்கொடுத்தேன். கதவு வரை போனவர் நின்றார்.

“அந்த மிஷின் ஓடுதா சார்?”

ஓடுகிறது என்றேன்.

“அந்த மஞ்ச ஒயர் மட்டும் ரொம்ப நாள் வராது. நான் மாத்தலாம்னு பாத்தேன், நீங்கதான் பழசு அப்படியே இருக்கட்டும்னு சொன்னீங்க. அது போனா மறுபடி தெறக்கணும். நான் இருக்க மாட்டேன். யாரையாவது பாத்து வெச்சுக்குங்க.”

வன்மமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் எனக்குப் பாராட்டு விழா. அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அங்கே சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்: ஒரு நிமிட இடைவெளியில், ஒரே மேசையில், ஒரே பேனாவால் இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாளின் கை வேண்டாம் என்று முதல் தாளில். அந்தக் கை படவே இல்லை என்று இரண்டாவது தாளில். இனிமேல் அசல் எது, போலி எது என்று ஆராய்கிறவர்கள் மிஷினைக் கவிழ்த்துப் பார்த்துக் கஷ்டப்பட வேண்டாம். மிஷின், மூன்று பேரும் அந்த அக்காவும் உயிர் கொடுத்த நல்ல அசல். போலி, அதன் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.